காசு கொடுத்தவருக்கே பூட்டா? பாட்டு வியாபாரம் நமக்குத் தரும் பாடம்



விலை நிலவரமும் வரி விவரமும் படிக்கும் இந்தப் பக்கங்களில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ண வேண்டாம். பாட்டும் ஒரு சரக்குதான். அதற்கும் கொள்முதல் உண்டு, விற்பனை உண்டு, திருட்டு உண்டு, வாடிக்கையாளரின் மனக்குறையும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் பாட்டை விற்ற பெரிய கம்பெனிகள் ஒரு தவறு செய்தன. அதே தவற்றை, அரியமங்கலத்தில் எண்ணெயும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் நாமும் வேறு உருவத்தில் செய்திருக்கிறோம் என்பது சமீபத்தில்தான் புரிந்தது. படிக்கும் மளிகை வியாபாரிகள் அதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கொல்லிமலையில் கேட்ட கேள்வி

நம் துணைவியாருக்கு விடியற்காலை எழுந்தவுடன் கந்த சஷ்டி கவசமும் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்களும் ஒலிக்க வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கம். கேசட் தேய்ந்தது, கேசட் போடும் பெட்டியும் பழுதானது. பேரன் ஒரு வழி சொன்னான். பாட்டுச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, சுமார் 200 பாடல்களைக் கைபேசியில் இறக்கிக் கொடுத்தான். வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

ஆடி மாதம் கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். தங்கிய இடத்தில் சிக்னல் இல்லை. இறக்கி வைத்த பாட்டுக்குச் சிக்னல் எதற்கு என்று நாம் கவலைப்படவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குச் செயலியைத் திறந்தால், சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று வந்தது. பாட்டுகள் எல்லாம் கைபேசிக்குள்தான் இருக்கின்றன, இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒன்றும் பாடவில்லை. புதுப்பிக்கலாம் என்றால் சிக்னல் வேண்டும்.

"காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? யாருகிட்டயும் கடன் சொல்லலையே?" என்றார் துணைவியார். நம்மிடம் பதில் இல்லை.

மலையை விட்டுக் கீழே இறங்கியதும் சிக்னல் வந்தது. பணம் கட்டினோம், பாட்டும் வந்தது. ஆனால் அவர் தினமும் கேட்கும் பாடல்களில் மூன்றைக் காணவில்லை. பாட்டின் உரிமையாளருக்கும் செயலிக்காரருக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்திருக்கும் என்றான் பேரன். பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம். "தாத்தா, நீங்க பாட்டை வாங்கலை. வாடகைக்கு எடுத்திருக்கீங்க."

வாடகை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நமக்கு வருத்தமே இல்லை. வண்டியை வாடகைக்கு எடுத்தவர் அது தன் வண்டி என்று சொல்லிக்கொள்வதில்லை. இங்கே 'இறக்கிக்கொள்ளுங்கள்', 'உங்கள் பாடல்கள்' என்றெல்லாம் எழுதியிருந்ததால்தான் சொந்தம் என்று நினைத்தோம்.

பூட்டு என்பது என்ன?

கணினியில் பாட்டு என்பது எண்களால் ஆன ஒரு கோப்பு. அதைப் பிரதி எடுத்தால் அசலுக்கும் நகலுக்கும் துளியும் வேறுபாடு இருக்காது. ஒருவர் வாங்கி ஆயிரம் பேருக்குக் கொடுத்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் கம்பெனிகள் பூட்டு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. பாட்டைச் சங்கேதமாக மாற்றிக் கொடுப்பார்கள். அதைத் திறக்கும் சாவி கம்பெனியின் கணினியில் இருக்கும். நம் கருவி அவ்வப்போது கம்பெனியைக் கேட்டு, அனுமதி வந்த பிறகே பாட்டை ஒலிக்கும்.

நம் மொழியில் சொன்னால், நூறு மூட்டை பருப்புக்கு முழுப்பணம் கொடுத்து, கூலி கொடுத்து, நம் குடோனில் இறக்கியாகிவிட்டது. ஆனால் குடோன் சாவி மட்டும் விற்றவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டை எடுக்கும்போதும் அவர் ஆள் வந்து திறந்துவிட வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் பருப்பு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இப்படி ஒரு வியாபாரத்துக்கு நம்மில் யாராவது சம்மதிப்போமா?

கேசட் காலம்

பழைய கேசட்டிலும் ஒரு பூட்டு இருந்தது. பின்புற ஓரத்தில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது, பாட்டு அழியாது. மறுபடி பதிய வேண்டுமானால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் போதும். அந்தப் பூட்டு வாங்கியவர் கையில் இருந்தது, அவருடைய நன்மைக்காகவே இருந்தது.

அந்தக் காலத்தில் திருட்டு இல்லையா என்றால், நிறையவே இருந்தது. 1980-களில் திருச்சியில் தெருவுக்குத் தெரு ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். நாமும் கொடுத்திருக்கிறோம், மறைக்கவில்லை. இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு காசும் போகவில்லை என்பது அப்போது நம் மனத்தில் படவே இல்லை. ஆகவே கம்பெனிகள் பயந்ததில் நியாயம் உண்டு. அவர்கள் தேடிக்கொண்ட மருந்தைப் பற்றித்தான் நம் குறை.

இதே திருட்டுக் காலத்தில் விலையைக் குறைத்துச் சரக்கைப் பரப்பியவர் ஒருவர் இருந்தார். டி-சீரிஸ் நிறுவனத்தின் குல்ஷன் குமார். டெல்லியில் பழச்சாறுக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். பெரிய கம்பெனிகளின் கேசட் பெரிய கடைகளில் அதிக விலைக்கு விற்றபோது, இவர் விலையைக் குறைத்து, வடநாட்டில் மளிகைக் கடை, பான் கடை வரை கேசட்டைத் தொங்கவிட்டார். அவர் தொழில் செய்த முறைகளில் குறை சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் வாங்குகிறவர் இருக்கும் இடத்துக்கு, வாங்கக்கூடிய விலையில் சரக்கு போக வேண்டும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். நம் போன்ற சிறுகடைகளின் பலமும் அதுதானே!

வெளிநாட்டில் நடந்தது

இணையத்தின் வழியே பாட்டைக் காசுக்கு விற்கும் தொழில் பெரிய அளவில் வளர்ந்தது 2003-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகளுக்கு மேல் விற்றன. இலவசத் திருட்டுப் பாட்டு இணையத்தில் குவிந்து கிடந்த அதே காலத்தில் இத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வழி சுலபமாக இருந்தால் நேர்மையாக வாங்குகிறவர் எந்தக் காலத்திலும் உண்டு.

ஆனால் அந்தப் பாட்டுகளில் பூட்டு இருந்தது. முதலில் 3 கணினிகளில் மட்டும் கேட்கலாம் என்றார்கள், மறு ஆண்டு அதை 5 ஆக்கினார்கள். ஆப்பிள் கடையில் வாங்கிய பாட்டு வேறு கம்பெனிக் கருவியில் ஓடாது. வேறு கடையில் பூட்டோடு வாங்கியது ஆப்பிள் கருவியில் ஓடாது. நம் கடையில் வாங்கிய அரிசி நாம் விற்ற பானையில்தான் வேகும் என்பது போன்ற ஏற்பாடு இது.

2005-ஆம் ஆண்டு நடந்தது இன்னும் மோசம். சோனி பிஎம்ஜி கம்பெனி வெளியிட்ட சில குறுந்தகடுகளைக் கணினியில் போட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் கணினிக்குள் மறைவாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எளிதில் நீக்கவும் முடியவில்லை. அதன் மறைவிடத்தைப் பயன்படுத்திக் கணினி வைரஸ்களும் உள்ளே வரத் தொடங்கின. விஷயம் வெளியே வந்ததும் கம்பெனி தகடுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது, வழக்குகளும் வந்தன. திருடியவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் காசு கொடுத்துத் தகடு வாங்கியவர் கணினிதான் கெட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அடுத்து 2008. மைக்ரோசாப்ட் நிறுவனம் நடத்திய எம்எஸ்என் மியூசிக் கடை 2006-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. விற்ற பாட்டுகளுக்குச் சாவி கொடுக்கும் கணினியையும் 2008 ஆகஸ்டு 31-க்குப் பிறகு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதாவது, அதன் பிறகு கணினியை மாற்றினால் பாட்டு போய்விடும். வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் தவணையை நீட்டினார்கள். அதே ஆண்டு யாகூவும் தன் பாட்டுக்கடையை மூடியது. அவர்களும் எதிர்ப்புக்குப் பிறகே வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்க முன்வந்தார்கள்.

இந்தப் பூட்டால் பயன் இல்லை என்பதை ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே 2007 பிப்ரவரியில் பகிரங்கமாக எழுதினார். அவர் காட்டிய கணக்கு வியாபாரிகளுக்கு உடனே விளங்கும். 2006-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் இணையத்தில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் அதே இசைக் கம்பெனிகள் பூட்டே இல்லாத குறுந்தகடுகளில் விற்ற பாட்டுகள் 2,000 கோடிக்கும் மேல். முன்வாசலில் மூன்று பூட்டைத் தொங்கவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். திருடுகிறவன் கொல்லை வழியாகத்தான் வருவான். முன்வாசலில் வரிசையில் நின்று சிரமப்பட்டவர் காசு கொடுத்தவர் மட்டுமே.

அந்த ஆண்டு இஎம்ஐ கம்பெனி முதலில் இறங்கிவந்து பூட்டில்லாத பாட்டைக் கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே பூட்டோடு வாங்கியவர் அதை மாற்றிக்கொள்ளப் பாட்டுக்கு 30 சென்ட் மேற்கொண்டு கட்ட வேண்டியிருந்தது. 2009 ஜனவரியில் எல்லாப் பெரிய கம்பெனிகளின் பாட்டுக்கும் பூட்டை எடுத்துவிடுவதாக ஆப்பிள் அறிவித்தது. பூட்டை எடுத்ததனால் பாட்டு விற்பனை நின்றுபோய்விடவில்லை.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டில் பாட்டுக்குக் காசு கொடுப்பது என்றால் முதலில் பலருக்கும் நினைவு வருவது கைபேசியின் ஹலோ ட்யூன்தான். நம் மளிகைக் கடைகள் பத்து ரூபாய், முப்பது ரூபாய் ரீசார்ஜ் விற்ற காலம் அது. காலையில் ரீசார்ஜ் செய்த கூலிக்காரர் மாலையில் வந்து, "பேசவே இல்லை, காசு எங்கே போச்சு?" என்று நம் கடைக்காரரிடம் சண்டை போடுவார். பார்த்தால், அவர் கேட்காமலே ஏதோ ஒரு பாட்டுச் சேவை தொடங்கி இருப்பிலிருந்து பணம் பிடித்திருக்கும். விற்றவர் என்ற முறையில் திட்டு வாங்கியது நாம். இப்படிப்பட்ட புகார்கள் பெருகியதால், சந்தாதாரரிடம் இரண்டு முறை சம்மதம் பெறாமல் எந்தச் சேவையையும் தொடங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் உத்தரவிட்டது.

இணையத்தில் பாட்டு விற்கும் கடையை நம் நாட்டிலேயே நடத்திப் பார்த்தது பிளிப்கார்ட் நிறுவனம். 2012 பிப்ரவரியில் 'பிளைட்' என்ற பெயரில் தொடங்கியது. பாட்டு ஒன்று 6 ரூபாயிலிருந்து கிடைத்தது. பூட்டும் கிடையாது. வாங்கியவர் எந்தக் கருவியில் வேண்டுமானாலும் கேட்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் ஐடியூன்ஸ் கடையும் இந்தியாவுக்கு வந்தது. ஆனாலும் பிளைட் 2013 ஜூன் 17 அன்று மூடப்பட்டது. திருட்டுப் பாட்டும், சிறுதொகை செலுத்துவதற்குச் சுலபமான வழி இல்லாததும் காரணம் என்று நிறுவனமே சொன்னது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஆறு ரூபாய்ப் பாட்டுக்கு அட்டை எண் அடித்து, கடவுச்சொல் அடித்து, வங்கிப் பக்கம் திறக்கக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? யுபிஐ வந்தது 2016-ல்தான். ஆகவே பூட்டில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, காசு வாங்கும் வழியும் சுலபமாக இருக்க வேண்டும்.

இருந்தாலும் பிளைட் ஒரு நல்ல காரியம் செய்தது. வாங்கியவர்கள் தங்கள் பாட்டுகளை இறக்கிக்கொள்ள ஆகஸ்டு 18 வரை தவணை கொடுத்தது. பூட்டில்லாத பாட்டு ஆனதால், அன்று இறக்கி வைத்துக்கொண்டவரிடம் அது இன்றும் பாடும். கடை மூடினாலும் விற்ற சரக்கு வாங்கியவரிடம் இருக்கிறது.

இப்போதைய பாட்டுச் செயலிகள் பெரும்பாலும் சந்தா முறையில் நடக்கின்றன. இறக்கிய பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும். செயலி மூடினால் பாட்டும் மூடும். ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் மியூசிக் செயலியை மூடுவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ரெஸ்ஸோ செயலி அதே ஆண்டு ஜனவரி இறுதியோடு நம் நாட்டில் நின்றுபோனது. பாட்டுப் பட்டியலை ஆண்டுக்கணக்கில் சேர்த்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய எச்எம்வி கம்பெனியின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017-ல் 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பார்த்தால் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். உள்ளே 5,000 பழைய பாட்டுகள். தமிழ்ப் பாட்டுகள் கொண்டதும் வந்தது. அந்தப் பாட்டுகளில் பல இலவசமாகவே கிடைக்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மக்கள் வாங்கினார்கள். காரணம், பொத்தானை அழுத்தினால் பாடும். சிக்னலும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். கொல்லிமலை அனுபவத்துக்குப் பிறகு நம் வீட்டிலும் இப்போது அந்த மாதிரிப் பெட்டி ஒன்று இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வணிகர்கள் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்து, அந்த ஆண்டு ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன் 65-ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பது இதில் வராது. ஆனால் மற்றவருக்காகத் திறந்து கொடுப்பவர், அவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரங்களைப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

சில கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்து காசு வாங்குகிற பழக்கம் இருந்தது. அது பூட்டை உடைக்காவிட்டாலும் குற்றமே. 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் செய்கிறார் என்று நாமும் இறங்கிவிடக் கூடாது. அதேபோல, வாடிக்கையாளர் கேட்கும்படி கடையில் பாட்டுப் போடுவது வீட்டில் கேட்பது போன்றதல்ல. சட்டத்தின் கண்ணில் அது பொது நிகழ்ச்சி, உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டுக்குக் கட்டிய சந்தா கடைக்குச் செல்லாது என்பதை நினைவில் வைக்கவும்.

நாம் போட்ட பூட்டு

இனி நம் கதைக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி சமயத்தில் சில்லறை வியாபாரிகளுக்கு ஒரு கூப்பன் திட்டம் போட்டோம். பத்து டின் எண்ணெய் எடுத்தால் ஒரு கூப்பன். பொங்கலுக்குள் கொண்டுவந்தால் அந்தத் தொகைக்குச் சரக்கு. ஒரே கூப்பனை இரண்டு முறை மாற்ற முயன்ற ஒருவரால் முந்தைய ஆண்டு நஷ்டப்பட்டிருந்தோம். அந்தக் கோபத்தில் இந்த முறை நிபந்தனைகளை அடுக்கினோம். அசல் பில் வேண்டும், வாங்கியவரே நேரில் வர வேண்டும், தேதி தாண்டினால் செல்லாது என்று கூப்பனின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சடித்தோம்.

லால்குடிப் பக்கத்திலிருந்து இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர் ஒருவர். ஒருநாளும் பாக்கி நிறுத்தாதவர். அவர் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் வர முடிந்தது. கையில் 1,800 ரூபாய்க்கான கூப்பன்கள். நம் கணக்குப்பிள்ளை தேதியைக் காட்டினார். நாமும் கல்லாவில் உட்கார்ந்தபடி, "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிவிட்டோம்.

"காசு கொடுத்து எடுத்த சரக்குக்கு வந்த கூப்பன்தானே, அண்ணே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கி இருந்ததை எண்ணி வைத்தார். பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே கணக்கு முடிந்தது. மாதம் அறுபது, எழுபதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்தவர். அதன் பிறகு வரவே இல்லை.

ஏமாற்றியவன் யார்? முந்தைய ஆண்டு வந்த வேறொருவன். அவன் நம் நிபந்தனையைப் படித்துத் திருந்தியிருப்பானா? வேறு கடை பார்த்துப் போயிருப்பான். நாம் போட்ட பூட்டு ஒருவரைத்தான் பிடித்தது, நேர்மையாக வாங்கிய பழைய வாடிக்கையாளரை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்தவுடன் மறந்துவிட்டோம்.

கொல்லிமலையில் நம் துணைவியார் கேட்ட கேள்வியும் அவர் கேட்ட கேள்வியும் ஒன்றே என்பது மலையிலிருந்து இறங்கும் வழியில்தான் நமக்கு உறைத்தது.

வணிகர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து நமக்குத் தோன்றிய சிலவற்றைக் கீழே கொடுத்திருக்கிறோம்.

1. விற்பதா, வாடகையா, இனாமா என்பதை வாயாலேயே தெளிவாகச் சொல்லுங்கள். தீபாவளிச் சீட்டு, கூப்பன், முன்பண அட்டை எதுவானாலும் நிபந்தனையைப் பெரிய எழுத்தில் முன்புறம் அச்சடியுங்கள். பொடி எழுத்தில் மிச்சமாகும் பணம் நிற்காது.

2. கடைசித் தேதி வைப்பது தவறில்லை. ஆனால் தேதி தாண்டி வருகிற நியாயமான ஆளுக்கு ஒரு மாதமாவது இடம் கொடுங்கள். முடிவு செய்யும் பொறுப்பைப் பையனிடமும் கணினியிடமும் விடாமல் முதலாளியே பாருங்கள்.

3. திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு எதைச் செய்வதானாலும், இதனால் சிரமப்படப் போவது திருடனா, வாங்குகிறவரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வாசலில் எல்லோர் பையையும் திறந்து பார்ப்பதைவிட, விலையுயர்ந்த ஏலக்காய், முந்திரியைக் கல்லாப் பக்கம் வைத்துக்கொள்வது மேல்.

4. 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் ஆகும்.

5. திட்டத்தை நிறுத்த வேண்டி வந்தால், அல்லது கடையையே மூட வேண்டி வந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். வாங்கியவர் தன் பாக்கியைப் பெற்றுக்கொள்ளத் தவணை கொடுங்கள். நாம் மூடிய பிறகும் நம் பெயர் ஊரில் இருக்கும்.

6. நாம் வாங்கும் இடத்திலும் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். நம் கடையில் ஒரு மழை நாளில் இடி விழுந்து கணினி பழுதானது. கணக்கு மென்பொருள் அந்தக் கணினிக்கு மட்டுமே பூட்டப்பட்டிருந்தது. புதுக் கணினியில் திறக்கவில்லை. விற்றவர் நான்கு நாள் போனை எடுக்கவில்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி தாண்டி, நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் கட்டினோம். ஆகவே பில்லிங் மென்பொருளோ செயலியோ வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்: எத்தனை கணினியில் ஓடும்? கணினி மாறினால் யார் திறந்து தருவார்? இணையம் இல்லாவிட்டால் பில் போடலாமா? சந்தா முடிந்தால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? நம் கணக்கை வேறு இடத்துக்கு எடுத்துப்போகும்படி கொடுப்பார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பிரதி எடுத்துத் தனியே வையுங்கள்.

முடிவாக

சென்ற மாதம் லால்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பழைய வாடிக்கையாளரின் கடைக்குச் சென்றோம். 1,800 ரூபாயை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தோம். முதலில் மறுத்தார். "இது உங்க பணம் தம்பி, எங்ககிட்ட தங்கிப்போச்சு" என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். தகப்பனாரைப் பற்றிக் கேட்டோம். அந்த வருடமே காலமாகிவிட்டாராம். நமக்குத் தெரியாமல் போயிற்று.

சரக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. இப்போது வேறொரு மண்டியில் எடுக்கிறார், அவர்கள் அவரிடம் நன்றாக நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்தது. பழைய கணக்கு நேராயிற்று. வியாபாரம் திரும்பவில்லை. அது நாம் கொடுத்த விலை.

வணிகப் பெருமக்கள் தங்கள் கடையில் இப்படி ஏதாவது பூட்டு தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.